செங்கல்பட்டில் பலிக்காத ஊசி

நம் வயதுக்காரர்கள் பலருக்குக் கையில் இரண்டு தழும்புகள் இருக்கும். பெரியதாக இருப்பது அம்மை குத்திய தழும்பு. அந்த ஊசி தன் வேலையை முடித்துவிட்டு விடைபெற்றுக்கொண்டது. இந்தியாவில் பெரியம்மை 1975ல் ஒழிந்தது. உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980ல் அறிவித்தார்கள். சிறியதாக இருக்கும் இன்னொரு தழும்பு பி.சி.ஜி. ஊசியுடையது. அது காசநோய்க்கான தடுப்பூசி. எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் நம் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொன்ன நோய் அதுதான். இந்த ஊசி இன்னும் விடைபெறவில்லை. இன்று பிறக்கும் பிள்ளைக்கும் பிறந்தவுடனே இடது கையில் போடுகிறார்கள்.

சென்ற மாதம் குள்ளஞ்சாவடி கடைத்தெருவில் முந்திரி வியாபாரம் செய்யும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "ஐயா, நெய்வேலியில பேரன் பொறந்திருக்கான். பி.சி.ஜி. போட்டாங்க. அந்த ஊசி நம்ம ஊர் ஆளுங்களுக்குப் பலிக்காதுன்னு செங்கல்பட்டுல சோதனை பண்ணியே கண்டுபிடிச்சிட்டாங்களாமே? அப்புறம் ஏன் போடுறாங்க?"

நல்ல கேள்வி. அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. அந்தப் பாதி எங்கே முடிகிறது, மீதி எங்கே தொடங்குகிறது என்பதை நின்றபடி சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பி.சி.ஜி. என்ற மூன்று எழுத்துகளும் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம். 'பசீல்' என்றால் கோல் வடிவக் கிருமி. கல்மெத், கெரேன் என்பவை இரண்டு மனிதர்களின் பெயர்கள். அல்பேர் கல்மெத் ஒரு மருத்துவர். கமீய் கெரேன் ஒரு கால்நடை மருத்துவர்.

கல்மெத்தின் பெயர் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வகையிலும் நெருக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் சொல்தாக்களாகவும் குமாஸ்தாக்களாகவும் கப்பலேறிப் போன சைகோனில், 1891ல் பாஸ்தர் நிலையத்தைத் தொடங்கியவர் அவர்தான். அங்கே நல்ல பாம்புக் கடிக்குப் பலர் பலியாவதைப் பார்த்து, விஷமுறிவு மருந்துக்கான ஆராய்ச்சியில் இறங்கினார். முந்திரித் தோப்புக்குள் நடமாடும் நாம் அதற்காகவே அவரை நினைத்துக்கொள்ளலாம்.

பிற்பாடு அவர் பிரான்சின் வடக்கே உள்ள லீல் நகரத்துப் பாஸ்தர் நிலையத்துக்குத் தலைவரானார். காசநோய்க் கிருமியை ஜெர்மனியின் ராபர்ட் கோக் 1882லேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதைத் தடுக்க வழி தெரியவில்லை. கல்மெத்தும் கெரேனும் மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை எடுத்து, மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின் மேல் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய துண்டுக்கு மாற்றினார்கள். 1908ல் தொடங்கியது இந்த வேலை. நடுவே முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன் படை லீல் நகரத்தைப் பிடித்தது. அப்போதும் மாற்றி நடுவது நிற்கவில்லை. 13 வருடத்தில் 230 முறை மாற்றினார்கள். நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டதில் கிருமியின் வீரியம் போய்விட்டது. உயிர் மட்டும் இருந்தது. 1921ல் பாரிசில் ஒரு பச்சிளங் குழந்தைக்கு அதை முதன்முதலாக வாய்வழியாகக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையின் தாய் பிரசவத்துக்குப் பின் காசநோயில் இறந்திருந்தாள்.

மருந்து பரவிய வேகத்தில் ஒரு பேரிடியும் விழுந்தது. 1930ல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் பி.சி.ஜி. கொடுக்கப்பட்ட குழந்தைகளில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள கிருமி மருந்தோடு கலந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. குற்றம் பி.சி.ஜி.யுடையது இல்லை என்று நிரூபணமானாலும், மக்கள் மனத்தில் விழுந்த பயம் சீக்கிரம் போகவில்லை. கல்மெத் 1933ல் காலமானார்.

இந்தியாவுக்கு வருவோம். 1948ல் கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் ஆய்வுக்கூடம் அமைந்தது. அதே ஆண்டு மதனப்பள்ளியில் ஊசி போடத் தொடங்கினார்கள். 1951 முதல் நாடு முழுக்க இயக்கமாகவே நடந்தது. ஊசி போடும் குழு ஊருக்கு வந்தால் பிள்ளைகள் கரும்புத் தோட்டத்தில் போய் ஒளிந்துகொண்ட கதைகள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

அப்போது எதிர்ப்புக் குரல் எழுப்பியவர் சாதாரண ஆள் இல்லை. மூதறிஞர் ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய மறு ஆண்டு, 1955ல், பி.சி.ஜி.யைத் தான் எதிர்ப்பது ஏன் என்று ஒரு சிறு புத்தகமே வெளியிட்டார். ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைக் கூட்டம் கூட்டமாகச் செலுத்த அரசாங்கத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். மத்திய சுகாதார அமைச்சராக இருந்த ராஜகுமாரி அம்ரித் கௌர் ஊசியின் பக்கம் நின்றார். இயக்கம் தொடர்ந்தது. ஆனால் 'ஆதாரம் எங்கே' என்ற கேள்வி, நடவடிக்கை முடியாத கோப்பு போல மேசை மேலேயே கிடந்தது.

ஆதாரம் அப்போது உண்மையிலேயே குழப்பமாகத்தான் இருந்தது. பிரிட்டனில் 1950 வாக்கில், பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடத்திய சோதனையில் ஊசி சுமார் 80 சதவீதம் காப்பாற்றியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த சோதனையில் கிடைத்த பலன் சொற்பம். ஒரே ஊசி, ஓர் ஊரில் கவசம், இன்னோர் ஊரில் வெறும் குத்தல். எதை நம்புவது?

இதற்குத் தீர்ப்புச் சொல்லத்தான் செங்கல்பட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னைக்கு மேற்கே திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்கள். அந்த நாளில் அவை செங்கல்பட்டு மாவட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் துணை நின்றன. 1968ல் தொடங்கியது.

நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாகி ஓய்வு பெற்றவன். எனக்கு இந்தச் சோதனையில் முதலில் மலைப்பைத் தந்தது மருத்துவம் இல்லை, பதிவேடு. வீடு வீடாகப் போய் 3,66,625 பேரைப் பெயர், வயது, வீட்டு எண்ணோடு பதிந்திருக்கிறார்கள். அதில் 2,81,161 பேருக்கு ஊசி. கணினி இல்லாத கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய பதிவு. ஒரு பெயர் மாறினால் ஒரு கணக்கு மாறும். வாக்காளர் பட்டியல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே தெருவில் எத்தனை கோவிந்தசாமி இருப்பார்கள் என்று.

சோதனையின் முறை இது. முதலில் எல்லோருக்கும் முன்கையில் தோலுக்குள் ஒரு சிறு ஊசி. சார்ல் மாந்து என்ற பிரெஞ்சு மருத்துவர் 1908ல் வகுத்த முறை. கிருமியின் சாரத்தை ஒரு துளி செலுத்திவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து அங்கே தோல் எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். நன்றாகத் தடித்தால் அந்த உடம்பு அந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று பொருள். பிறகு தடுப்பூசி. சிலருக்குப் பிரெஞ்சு வகை பி.சி.ஜி., சிலருக்கு டேனிஷ் வகை, அதிலும் சிலருக்குக் கூடுதல் அளவு, சிலருக்குக் குறைந்த அளவு. மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் நீர். யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. குறியீட்டு எண் மட்டும் தெரியும். அதன்பின் சில ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராக எக்ஸ்-ரே எடுத்து, சந்தேகப்பட்டவர்களின் சளியைப் பரிசோதித்து, யாருக்கு நோய் வந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979ல் வெளியானது. குறியீட்டை உடைத்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களுக்கும் வெறும் நீர் போட்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வருவதில் வித்தியாசம் இல்லை. பிரெஞ்சு வகையும் காக்கவில்லை, டேனிஷ் வகையும் காக்கவில்லை. பிரிட்டனில் பிரமாதமாக வேலை செய்ததும் டேனிஷ் வகைதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டு கண்காணித்த முழுக் கணக்கு 1999ல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு 27 சதவீதம். அதுவும் புள்ளியியல் கணக்குப்படி உறுதியாகச் சொல்ல முடியாத 27.

ராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்துவிட்டார். இந்தக் கணக்கைப் பார்க்க அவர் இல்லை. பார்த்திருந்தால் 'நான் சொன்னேனே' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பயந்தது ஊசியால் கேடு வரும் என்று. சோதனை காட்டியது வேறு: எதிர்பார்த்த நன்மை வரவில்லை.

ஏன் வரவில்லை? இங்கேதான் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரு குமாஸ்தாவுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

உடம்புக்கு இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. ஒன்று, ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள். வெளியே திரியும் கிருமியை அது பிடித்துவிடும். காசநோய்க் கிருமியோ தந்திரக்காரன். கிருமிகளை விழுங்குவதற்கென்றே இருக்கும் காவல் செல் ஒன்று நுரையீரலில் உண்டு. அந்தச் செல்லுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்துகிறான். போலீஸ் ஸ்டேஷனுக்குள் திருடன் குடியிருக்கிற மாதிரி. அங்கே எதிர்ப்பொருளால் போய்ச் சேர முடியாது. இரண்டாவது படையான டி-செல்கள் வந்து அந்தக் காவல் செல்லை உசுப்பிவிட வேண்டும். பழைய எதிரியை நினைவில் வைத்திருக்கும் டி-செல்களும் உண்டு. பி.சி.ஜி. போடுவதே, வீரியம் போன கிருமியைக் காட்டி அந்த நினைவை உண்டாக்கத்தான்.

இந்தப் படையின் திறமையால்தான் கிருமி புகுந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாழ்நாள் முழுதும் நோய் வராமலே காலம் தள்ளுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களில் சர்க்கரை, பட்டினி, குடி, முதுமை என்று ஏதாவது ஒன்றால் படை தளரும்போது உள்ளே கிடந்தவன் எழுந்துகொள்கிறான்.

செங்கல்பட்டு சோதனையிலேயே விடைக்கு ஒரு துப்புக் கிடைத்தது. காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் நிறைய உண்டு. மண்ணிலும் ஏரித் தண்ணீரிலும் வாழ்பவை. பெரும்பாலும் நோய் செய்யாதவை. அவற்றின் சாரத்தையும் கையில் செலுத்திப் பார்த்தார்கள். பதினைந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் கை தடித்தது. சேற்றில் நடந்து, குளத்தில் குளித்து, கிணற்று நீர் குடித்து வளர்ந்த உடம்புகள் அந்தச் சொந்தக்காரக் கிருமிகளை முன்பே பார்த்துவிட்டன.

அலுவலகப் பாஷையில் சொல்கிறேன். ஒரு பொருளில் ஏற்கெனவே கோப்பு நடப்பில் இருந்தால், அதே பொருளில் புதிதாக வரும் தபாலுக்கு நாம் தனிக் கோப்புத் திறப்போமா? 'முன் கோப்புடன் சேர்க்கவும்' என்று எழுதி உள்ளே வைத்துவிடுவோம். செங்கல்பட்டுக் கிராமத்து உடம்பில் பி.சி.ஜி.க்கு நேர்ந்ததும் இதுதான் என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மண்கிருமி முன்பே கொடுத்த ஓரளவு பாதுகாப்புக்கு மேல் ஊசியால் எதையும் கூட்ட முடியவில்லை. அல்லது, விழிப்பாக இருந்த உடம்பு ஊசியில் வந்த கிருமி பெருகுவதற்கு முன்பே அதைத் தீர்த்துக்கட்டிவிட்டது. பிரிட்டிஷ் பிள்ளைகளின் உடம்பில் அந்தக் கோப்பு திறக்கப்படவே இல்லை. ஊசி அங்கே புதுத் தபாலாகப் போய்ச் சேர்ந்தது. வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் ஊசி பலிப்பதும் பலிக்காததும் ஊசிக்குள் மட்டும் இல்லை, அதை வாங்கிக்கொள்ளும் உடம்பிலும் அந்த உடம்பு வளர்ந்த மண்ணிலும் இருக்கிறது என்பதைச் செங்கல்பட்டு உலகத்துக்கே காட்டியது.

இதே பாடத்தை வேலூரும் சொல்லியிருக்கிறது. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று முறை கொடுத்தால் போதும் என்றிருந்த காலத்தில், அதே மூன்று முறை நம் குழந்தைகள் பலருக்குப் போதவில்லை என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் 1970களிலேயே ரத்தப் பரிசோதனையில் கண்டு எழுதினார். திரும்பத் திரும்பச் சொட்டு கொடுத்துத்தான் போலியோவை விரட்டினோம். கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில்.

சரி, முந்திரி வியாபாரத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அப்புறம் ஏன் போடுகிறார்கள்?

செங்கல்பட்டில் அளந்தது முக்கியமாக நுரையீரல் காசநோயை. சளியில் கிருமி தெரிகிற, பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருகிற நோய் அது. பச்சிளங் குழந்தைக்கு வரும் காசநோயின் போக்கே வேறு. அது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் தூவினாற்போல் பரவும். மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும். மூளைக்காய்ச்சலாக வந்தால் பிழைப்பது கடினம். பிழைத்தாலும் காதோ கண்ணோ புத்தியோ போய்விடும். இந்த இரண்டு கொடிய வகையையும் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. நம் நாட்டு ஆய்வுகளும் அவற்றில் உண்டு. பிறந்த உடனே போடுவதற்குக் காரணமும் இதுதான். கோப்பு எதுவும் திறப்பதற்கு முன்பே இந்தத் தபால் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் செங்கல்பட்டு முடிவு வந்த பிறகும், 1980ல் கூடிய நிபுணர் குழுக்கள் குழந்தைகளுக்கு ஊசியைத் தொடரச் சொன்னார்கள். ஆக, பேரனுக்குப் போட்ட ஊசி வீண் இல்லை. ஆனால் அவன் வளர்ந்து ஆளான பிறகும் அது காக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டிலேயே இந்த நோய் இருந்தது. என் பெரியப்பா சைகோனில் சொல்தாவாக இருந்து திரும்பியவர். அவருக்கு இருமல் வந்தபோது எனக்கு ஆறு ஏழு வயது. திண்ணையை ஒட்டிய அறை, தனித் தட்டு, தனி டம்ளர். எங்களை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று அவர் சொல்லும் கப்பல் கதையைக் கேட்போம். 1958ல் போய்விட்டார்.

அந்த வருடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிற்காலத்தில் படித்தபோது மனம் கனத்துப் போனது. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கி, இருநூறுக்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் ஒரு பாதியை வீட்டிலும் வைத்து ஓர் ஆண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959ல் அந்த முடிவு வெளியானபின் உலகமெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. நம் ஊரிலிருந்து நூற்றுச் சொச்சம் மைல் தூரத்தில் நடந்த சங்கதி. பெரியப்பாவுக்கு ஒரு வருடம் முந்திக்கொண்டது.

அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கொரோனா வந்த 2020ல் அவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டு, ரத்தத்தில் என்ன மாறுகிறது என்று பார்த்தார்கள். ஒரு மாதத்தில் நினைவு டி-செல்கள் கூடியிருந்தன என்று 2021ல் எழுதியிருக்கிறார்கள். கிழ உடம்பும் பாடம் கற்கும் என்பது நமக்கெல்லாம் ஓர் ஆறுதல். ஆனால் ரத்தத்தில் செல் கூடுவது வேறு, நோய் வராமல் தடுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது என்பதைச் செங்கல்பட்டில்தான் உலகம் கற்றது. 2024 முதல் பெரியவர்களுக்கான புதிய காசநோய்த் தடுப்பூசி ஒன்றைத் தென்னாப்பிரிக்கா முதலான நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டுப் பார்த்துவருகிறார்கள். கணக்கு வரட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். 'பலிக்கவில்லை' என்ற முடிவை மறைத்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பத்து வருட உழைப்பு, பன்னாட்டுப் பணம், நாடு முழுக்க நடந்துகொண்டிருக்கும் இயக்கம். ஒரு குறிப்பெழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. வந்த எண்ணை வந்தபடியே அச்சிட்டார்கள். காசநோய்த் தடுப்பூசி பற்றி உலகில் எங்கே ஆராய்ந்தாலும் இன்றைக்கும் செங்கல்பட்டு என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. கல்மெத், கெரேன் பெயர் ஊசியில் இருக்கிறது. கையை நீட்டிய 2,81,161 பேரின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதிக்குக் கிடைத்தது வெறும் நீர்; மற்றவர்களுக்குக் கிடைத்ததும் காக்கவில்லை. அவர்கள் நீட்டிய கையால் தெரிந்த உண்மை நம் எல்லோருக்கும் கிடைத்தது.

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். நமக்குச் சின்ன வயதில் போட்ட ஊசியை நம்பி இருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், காரணம் தெரியாமல் எடை குறைவது இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பரிசோதியுங்கள். பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். மாத்திரையைத் தொடங்கினால் முழுசாக முடியுங்கள். வீட்டில் யாருக்காவது வந்துவிட்டால் தனித் தட்டு வைக்காதீர்கள். இந்த நோய் இருமலில் காற்று வழியாகத்தான் தொற்றுகிறது, தட்டிலோ டம்ளரிலோ இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரையை எடுத்துக் கொடுங்கள்.